குச்சிக்காட்டில் ஒரு சொட்டை

கொரோனா வந்த பிறகுதான் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் சொந்தக்காரர்களுக்கு விளங்கியது. அதுவரை கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "மூலக்கூறு உயிரியல்" என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்டவர் உடனே பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பார். "விவசாய ஆராய்ச்சி" என்றால் தன் வீட்டு மாடியில் வாடிப்போன கறிவேப்பிலைச் செடிக்கு மருந்து கேட்பார். பி.சி.ஆர். என்ற சொல் ஊரெல்லாம் புழங்க ஆரம்பித்ததும் எனக்குச் சுலபமாகிவிட்டது. "மனுஷங்களுக்கு மூக்குல குச்சி விட்டு எடுக்கறாங்கல்ல, அதையேதான் நான் செடிக்கு எடுக்கறேன்" என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி, "செடிக்கு மூக்கு எங்கம்மா இருக்கு?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். என் கணவர் அதை இன்றுவரை விடவில்லை. நான் ஆய்வகத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், "யாருக்கு மூக்கு சிந்திவிடப் போற?" என்று கேட்பார்.

என் செடி மரவள்ளி. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, குச்சிக்கிழங்கு என்பார்கள். விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். நான் சேலம் டவுனில் பிறந்தவள். அப்பா மின்சார வாரியத்தில் வேலை பார்த்தார். சின்ன வயதில் குச்சிக்கிழங்கை வேகவைத்து உப்புப் போட்டுத் தட்டில் பார்த்திருக்கிறேனே தவிரக் காட்டில் பார்த்ததில்லை. விளைநிலத்துக்கு இங்கே காடு என்றுதான் பெயர். ஆத்தூர் பஸ்ஸில் போகும்போது மில் களங்களில் அந்தக் கிழங்கு மாவில் செய்த ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்து, எவ்வளவு பாயசம் வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு.

படித்ததெல்லாம் வெளியூர். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது புகையிலைச் செடியில்தான் வேலை. புகையிலை சொன்னபடி கேட்கும், பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளை மாதிரி. அதை வைத்து நாலைந்து கட்டுரைகள் எழுதி, ஊரோடு வேலை கிடைத்தால் போதும் என்று திரும்பி வந்தேன். வந்த இடத்தில் குச்சிக்கிழங்கைக் கையில் கொடுத்தார்கள். அது சொன்ன எதையும் கேட்காது. பூக்கச் சொன்னால் பூக்காது. பூத்தாலும் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே சமயத்தில் மலராது. கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் பூஞ்சணம் பிடிக்கும். முதல் வருடம் முழுக்க நான் அதைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வருடம்தான் எனக்கு அதைப் பிடித்துப்போனது. எனக்கும் அதன் குணம்தான் என்று என் கணவர் சொல்வார்.

அந்தச் செடிக்கு ஒரு நோய் உண்டு. தேமல் நோய் என்போம். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக விழும், இலை சுருங்கும், கோணிக்கொள்ளும், கிழங்கு சிறுத்துப்போகும். காரணம் ஒரு வைரஸ். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். ஆனால் ஈயைவிட அதிகமாகக் கொண்டுபோகிறவர்கள் நாம்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக் காட்டில் கிழங்கு நன்றாக விளைந்தால், பார்க்க வந்த ஒறம்பரை வெறுங்கையோடு போக மாட்டார்கள். உறவுக்காரர்களுக்கு இங்கே அதுதான் சொல். போகும்போது பைக்கின் பின்னால் ஒரு கட்டுக் குச்சி கட்டிக்கொண்டு போவார்கள். கேட்காமலே கொடுப்பார்கள், மறுத்தால் மனஸ்தாபம். அந்தக் கட்டோடு வைரஸும் பைக் ஏறி, சம்பந்தி வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் போய்ச் சேரும். இப்படி ஒருவருக்கொருவர் ஆசையோடு கொடுத்தே ஜில்லா முழுக்கப் பரப்பியிருக்கிறோம்.

மருந்தடித்து இதைத் தீர்க்க முடியாது. செடியே தாங்கிக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கப் பக்கத்து மரவள்ளி வகைகள் சிலவற்றுக்கு அந்தத் தாங்கும் குணம் உண்டு. ஆனால் அவற்றின் கிழங்கில் மில்காரர்கள் எதிர்பார்க்கும் மாவு இல்லை. அதை எங்கள் ஊர் வகையோடு சேர்த்து, பிறக்கிற பிள்ளைகளில் அந்தக் குணம் யாரிடம் இறங்கியிருக்கிறது என்று டி.என்.ஏ.வைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, திரும்பவும் ஊர் வகையோடு சேர்த்து, திரும்பவும் தேர்ந்தெடுத்து, கடைசியில் பார்வைக்கு முழுக்க முழுக்க நம் ஊர்ச் செடியாகவும் உள்ளுக்குள் அந்தத் தாங்கும் மரபணுவோடும் ஒன்றை உருவாக்க வேண்டும். இதுதான் என் வேலை. ஒரு வரியில் சொல்லிவிட்டேன். நான் கறுப்பு முடியோடு ஆரம்பித்து, சாயம் போட்டு, சாயம் போடுவதையும் விட்டுவிட்ட காலம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

அப்படிப்பட்ட செடி ஒன்று கடைசியில் கிடைத்தது. ஆய்வகத்தில் தாங்கியது, பண்ணையில் தாங்கியது. இனி விவசாயி ஒருவரின் தோட்டத்தில் தாங்க வேண்டும். இரண்டு பருவம் தாங்கிவிட்டால் குச்சியை விவசாயிகளுக்குக் கொடுக்கலாம். தாங்காவிட்டால் அந்த வகையை அத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள். புதிதாக இன்னொன்றை ஆரம்பித்து முடிக்க என் பணிக்காலத்தில் மீதி இல்லை. எங்கள் பிரிவுத் தலைவர் இதை முதலிலேயே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். இந்த மாதிரிச் சோதனையில் நல்ல செடிகளுக்கு நடுவே வேண்டுமென்றே நோய்ச் செடிகளையும் நடுவது வழக்கம். நோய் பக்கத்திலேயே இருந்தும் ஒட்டவில்லை என்றால்தான் தாங்குகிறது என்று அர்த்தம். "விவசாயி தோட்டத்துல நாமளே நோயைக் கொண்டுபோய் நடறதா? வேண்டாம் மேடம்" என்றுவிட்டார். அதுவும் நியாயம்தான், எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

தோட்டம் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. தோட்டத்துக்காரர் கொஞ்ச காலம் ரிக் வண்டியில் பங்கு போட்டு ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தவர், இன்னும் நடுநடுவே போய்வருவார். விவசாயத்தை முழுக்கப் பார்ப்பது அவர் மனைவிதான். நான் அவரை அண்ணா என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டேன். என்னைவிட அக்கா இளையவராகக்கூட இருக்கலாம். அந்தக் கைகளையும் நடையையும் பார்த்தால் அக்கா என்றுதான் வாயில் வரும்.

நட்ட அன்று நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. ஒவ்வொரு குச்சியும் எனக்குப் பொன். பட்டை சிதையாமல் இருக்க, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடால் நானே மட்டமாக அறுத்துக் கொண்டுபோயிருந்தேன். நடுகிற பெண்கள் பின்னாலேயே நடந்து, நேராக ஊன்றுகிறார்களா என்று பார்த்தேன். ஒரு பெண் குச்சி ஒன்றைத் தவறிக் கீழே போட்டபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க டாக்டரம்மா, குச்சிதானுங்களே, கொழந்தையாட்டம் பதறறீங்க. வாங்க, மோரு குடிச்சுப்போட்டு வரலாம்." மோர் குடிக்கும்போது, "ஓரத்துல நாலு குச்சி சேத்து ஊனி உடலீங்களா? மொளைக்காத எடத்துல மாத்தி நடறதுக்கு" என்று கேட்டார். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். உபரிக் குச்சிகளை வரப்போரம் ஊன்றி வைத்து, முளைக்காத இடத்தில் பெயர்த்து நடுவார்கள். என்னிடம் உபரி இல்லை, எல்லாம் எண்ணி அறுத்தது. "என் குச்சி எல்லாம் முளைக்கும்க்கா" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அடுத்த வாரம் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. வைரஸைத் துரத்திக்கொண்டே திரிந்தவளை ஒரு வைரஸ் பிடித்துப் படுக்கவைத்தது. காய்ச்சல் போன பிறகும் மூட்டுகள் விடவில்லை. தோசையைப் பிய்க்கக் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் ஊட்டிவிட்டுக்கொண்டே, "கொசுவுக்கு உன்னை யாருன்னு தெரிஞ்சிருக்கு" என்றார். அப்போது ரிக்கோடு வெளி மாநிலம் போயிருந்த அண்ணன், திரும்பி வந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். காடு முழுக்கப் பச்சை. ஓர் இடத்தில்கூட வெறும் மண் தெரியவில்லை. படுக்கையிலிருந்தபடியே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூட்டுவலி பாதி குறைந்த மாதிரி இருந்தது. பிரிவுத் தலைவருக்கு உடனே அனுப்பிவைத்தேன், பார்த்தீர்களா என்று கேட்காத குறையாக.

ஒருவழியாக எழுந்து நடமாடி, கார் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனபோது செடிகள் என் இடுப்பு உயரம் வந்திருந்தன. செடிகளின் அடியில் மண் அணைத்துவிட்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் இருந்தார். மகளுக்குப் பிரசவம் என்று அக்கா சேந்தமங்கலம் போயிருந்தார். சந்தோஷமாகக் காட்டுக்குள் இறங்கினேன். பத்தடி போயிருப்பேன், நின்றுவிட்டேன்.

தேமல். சந்தேகமே வேண்டாம். மஞ்சள் திட்டு, கோணிய இலை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, நாலு வரிசை தள்ளி இரண்டு. நல்ல செடிகளுக்கு நடுவே மறைந்து நின்றன. குனிந்து அடி இலையைப் பார்த்தேன். ஈ கொண்டுவந்த நோய் என்றால் மேலே, புது இலைகளில்தான் முதலில் தெரியும். இதில் அடி இலையிலேயே திட்டு இருந்தது. அப்படியென்றால் நோய் குச்சியோடு வந்திருக்கிறது. நான் குழாயில் வளர்த்து, சுத்தம் என்று சோதித்து, என் கையால் அறுத்துக் கொண்டுவந்த குச்சியோடு. தாங்கும் குணம் உடைந்துவிட்டது, அதுவும் எனக்குத் தெரியாமல் ஆய்வகத்திலேயே உடைந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ரொம்ப மோசமுங்களா?" என்றார். "பார்க்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு இலைகளைக் கிள்ளிப் பைகளில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் டிரைவர் ரேடியோவைப் போட்டார். அணைக்கச் சொன்னேன்.

சோதனையில் வைரஸ் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. நோய் தெரியாத செடிகளில் இல்லை, நோய்ச் செடிகளில் இருந்தது. இரண்டாம் தடவை செய்தேன், அதேதான். இது என் செடிதானா என்று பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. அதை நான் செய்யவில்லை. பிறந்ததிலிருந்து இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் யாராவது ஆதார் கார்டு கேட்பார்களா? அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

பிரிவுத் தலைவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஏனென்றால் நான் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. காட்டை முழுக்கப் பிடுங்கிக் கொளுத்திவிட வேண்டும் என்றார். யாராவது ஒறம்பரை வந்து, ஆராய்ச்சிக் குச்சி என்று ஆசையாக ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டால், தாங்கும் செடியையே பிடிக்கிற புது நோயை நாமே ஊருக்குப் பரப்பியது போலாகும். கெங்கவல்லியில் அடுத்த சோதனைக்குப் பார்த்து வைத்திருந்த நிலத்தையும் வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த வயதில், செடிக்காக. என் கணவர் மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் காப்பி போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர் என்பார்கள். எது தொலைந்தது என்று சொல்லத் தெரியாமல், சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

பிடுங்குகிற அன்று காலையில் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. நாலு பெண்களை அண்ணன் கூட்டி வந்திருந்தார். முதலில் நோய்ச் செடிகள், பிறகு மீதி என்று சொன்னேன். ஓரத்தில் காய்ந்த தென்னமட்டையைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் முதல் செடியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறி என் காலடியில் போட்டாள். அதைக் குவியலில் போட நான் எடுத்தேன். செடியின் அடியில், ஊன்றிய பழைய குச்சி அப்படியே இருந்தது, வேர்கள் அதன் கீழ்முனையைச் சுற்றிக் கிளம்பியிருந்தன. அந்த முனை சாய்வாக இருந்தது.

குவியலில் போடாமல் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் சாய்வாக வராது. மண்ணைத் துடைத்துவிட்டு மேல்முனையைப் பார்த்தேன். அதுவும் சாய்வு. ஒரே வீச்சில் வெட்டிய அரிவாள் வெட்டு. மண் அணைத்ததில் குச்சியின் தலை புதைந்துபோயிருந்ததால் நின்றபோது அது கண்ணில் படவில்லை.

"இன்னொண்ணு புடுங்கும்மா" என்றேன். சாய்வு. அடுத்ததும் சாய்வு. நானே குனிந்து, பக்கத்தில் நின்ற நல்ல செடி ஒன்றைப் பிடுங்கினேன். பிடுங்க மனசு வரவில்லைதான், ஆனாலும் பிடுங்கினேன். பழைய குச்சியின் இரண்டு முனையும் தட்டையாக, ரூபாய் நாணயம் மாதிரி மட்டமாக இருந்தன.

"நிறுத்துங்க! யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்தினேன். நட்ட அன்று போட்ட கூச்சலைவிட இது பெரிது. பெண்கள் நாலு பேரும் பாம்பைக் கண்டவர்கள் போல வரப்பில் ஏறிவிட்டார்கள்.

அண்ணன் ஓடி வந்தார். இரண்டு குச்சிகளையும் அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அருவா வெட்டுங்க. எங்கூட்ல நறுக்கறாப்பலவே இருக்குது" என்றார். பிறகு அவருக்கே ஏதோ தோன்றி, போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, டாக்டரம்மா பேசறாங்க என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினார்.

"ஏனுங்க டாக்டரம்மாளா?" என்று அக்காவின் குரல் வந்தது. "காச்சல் தேவலைங்களா? மூட்டு வலி உட்டுப்போச்சுங்களா?"

"விட்டுடுச்சுக்கா. அக்கா, காட்டுல நம்ம குச்சி—"

"பேத்தி பொறந்திருக்கறா, சொன்னாருங்களா? நல்லா மூக்கும் முழியுமா இருக்கறா."

"ரொம்ப சந்தோஷம்க்கா. அக்கா, அந்தக் குச்சி—"

"சித்த இருங்க சாமி, புள்ள அழுவுது."

குழந்தை அழுதது. யாரோ தாலாட்டினார்கள். அண்ணன் போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் வேறெந்தக் குழந்தை எப்போது அழுகையை நிறுத்தும் என்று நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"இப்பச் சொல்லுங்க" என்று அக்கா திரும்பி வந்தார்.

"காட்டுல அரிவாளால வெட்டுன குச்சி நிறைய இருக்குக்கா. யாரு நட்டாங்க?"

"அதுங்களா, நாந்தானுங்க நட்டேன்" என்றார் அக்கா, சாப்பிட்டாயிற்று என்று சொல்வதைப் போல. "உங்க குச்சி அங்கொண்ணும் இங்கொண்ணும் மொளைக்கவே இல்லீங்க. சொட்ட சொட்டையாக் கெடந்துச்சு. ஒறம்பர நட்டுட்டுப் போன காட்ட அப்படி உட்டா நல்லாவா இருக்கும்? நீங்கதான் சேத்து ஊனலையே. நம்மகிட்ட இருந்த குச்சில நல்லதாப் பாத்து, நறுக்கி ஊனி உட்டேன். ஏனுங்க, தழையலீங்களா?"

"தழைஞ்சிருக்குக்கா, நல்லா தழைஞ்சிருக்கு" என்றேன். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"காச்சல்ல கெடக்கற மனுசிகிட்டப் போயி, உங்க குச்சி செத்துப்போச்சுங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்களா சாமி? எந்திரிச்சு நல்லபடியா வரட்டும்னு இருந்தேன். அப்பறம் இந்தப் புள்ளைக்கு வலி வந்துருச்சு, நானும் இங்க வந்துட்டேன். நெனப்பே இல்ல போங்க."

"அக்கா, உங்க குச்சில தேமல் இருக்கு."

"தேமல் இல்லாத குச்சி எங்கூட்ல ஏதுங்க?" என்று அவர் சிரித்தார். "அது இல்லாம இருக்கோணும்னுதானுங்களே நீங்க வந்தீங்க!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சேலையில் மண்ணோடு வரப்பில் உட்கார்ந்துகொண்டு ஒரு டாக்டரம்மா அப்படிச் சிரித்து அழுவதை அந்தப் பெண்கள் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள், "இப்பப் புடுங்கறதுங்களா, வேண்டாமுங்களா?" வேண்டாம், கூலி முழுசாக் குடுத்துடறோம், வீட்டுக்குப் போங்க என்றேன். அண்ணன் மட்டும் இன்னும் தெளியவில்லை. மனைவி ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டாள் என்றே நினைத்து, "அவளுக்கு வெவரம் பத்தாதுங்க" என்று ஆரம்பித்தார். அவர் வாயை அடைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம், செய்யாமல் விட்ட அந்தச் சோதனையைச் செய்தேன். ஊர் வகையின் டி.என்.ஏ.வுக்கு ஒரு கோடு வரும், என் வகைக்கு இரண்டு கோடு. புற ஊதா விளக்கைப் போட்டதும் நோய்ச் செடிகள் எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு. நல்ல செடிகள் எல்லாவற்றிலும் இரண்டு. பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். "மேடம், அப்படின்னா நோய்ச் செடி காடு முழுக்க உள்ளேயே நின்னிருக்கு" என்றார். ஆமாம் என்றேன். "வெள்ளை ஈயும் இருந்திருக்கு." ஆமாம். "உங்க செடி ஒண்ணுலகூட ஒட்டல." ஆமாம் என்றேன் மூன்றாவது தடவையாக. நான் கேட்டு அவர் மறுத்த அந்தச் சோதனையைத்தான், யாரையும் கேட்காமல் அக்கா செய்து முடித்திருந்தார். எனக்கு அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துறுதுறுத்தது. அவரே, "உணர்ச்சிவசப்படலாம் மேடம், இப்ப பரவாயில்ல" என்றார். அதனால் விட்டுவிட்டேன்.

மிச்சமிருந்த நோய்ச் செடிகளை அப்படியே விடச் சொன்னேன். அறுவடைவரை அவை காட்டில் நின்றன, ஈக்கள் அவற்றிலிருந்து என் செடிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. என் செடிகள் அசையவில்லை. கிழங்கு எடுத்த அன்று அக்கா பேத்தியோடு வந்திருந்தார். என் செடி ஒன்றின் கிழங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தான் ஊன்றிய செடியின் கிழங்கைப் பார்த்தார். அது மெலிந்து, விரல் விரலாகத் தொங்கியது. "எங்களுது உங்களுது முன்னால நோஞ்சானாட்டம் நிக்குது" என்று சிரித்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் மேலெல்லாம் செம்மண், அவர் மேலும்தான்.

ஒரு பருவம் தாண்டியாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. அதற்கும் அதே தோட்டம்தான். இந்த முறை நடும்போது அக்காவை உட்கார வைத்து, முளைக்காத இடத்தில் எதையும் ஊன்றக் கூடாது, காலி இடமும் எனக்கு வேண்டும், எது முளைக்கவில்லை என்பதும் நான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று சொன்னேன். "காடு சொட்டையா இருந்தா ஊருக்குள்ள என்னைத்தானுங்க பேசுவாங்க" என்றார். பேசட்டும்க்கா என்றேன். சரிங்க என்றார், மனசில்லாமல்.

சில வாரம் கழித்து, நான் மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. இந்த முறை நலம் விசாரிப்பு இல்லை.

"டாக்டரம்மா, உங்க குச்சி கெழக்கால ஓரத்துல மொளைக்காமப் போச்சுங்க. செத்துப்போச்சு. சொட்டையாக் கெடக்குது. அந்தப் பக்கம் போறப்பெல்லாம் எனக்குக் கை துறுதுறுங்குது. ஆனாலும் தொடலீங்க."

நல்ல சேதி கேட்டவளைப் போல நான் எழுந்து நின்றுவிட்டேன். கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னவாம் என்று சைகையில் கேட்டார். குச்சி செத்துப்போச்சாம் என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு போனில், "அப்படியே விட்டுடுங்கக்கா, நான் காலைல வந்து பார்க்கறேன்" என்றேன்.